நூறாண்டு வாழ்க என்று வாழ்த்தினால் ஏன் பதறுகிறோம்?

தண்ணீர்மலை டீச்சர் (பினாங்கு)

"நடமாடும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், யாருக்கும் பாரமாகிவிடக் கூடாது." மணிவிழாவுக்குப் போனாலும் இழவு வீட்டுக்குப் போனாலும் எழுபதைத் தாண்டிய நம்மவர்களின் வாயில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. இப்போது அறுபத்தைந்து வயதுக்காரர்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1957இல் மலாயாத் தீபகற்பத்தில் பிறந்த ஓர் ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 56 ஆண்டு. பெண் குழந்தைக்கு 58. இன்று மலேசியாவில் இருபாலரையும் சேர்த்துப் பார்த்தால் 75ஐ ஒட்டி நிற்கிறது. என் வாழ்நாளுக்குள்ளேயே ஏறக்குறைய இருபது ஆண்டு ஏறியிருக்கிறது. இது சாதாரண விஷயமில்லை. அறுபதைத் தொடுவதே அரிதாக இருந்ததால்தான் ஊரைக் கூட்டி மணிவிழா எடுத்தார்கள். எண்பதைக் கண்டவரை ஆயிரம் பிறை கண்டவர் என்று காலில் விழுந்து வணங்கினார்கள். மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதியமான் தனக்குக் கிடைத்த நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்ததைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இன்று அந்தக் கனி ஊருக்கே கிடைத்திருக்கிறது, நாம் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்கிறோம்.

வாழ்வு சலித்துப்போய் அப்படிப் பேசுகிறார்கள் என்று நான் நம்பவில்லை. அச்சத்தில் பேசுகிறார்கள். பணத்தைப் பற்றியா, நோயைப் பற்றியா, பிள்ளைகளைப் பற்றியா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினால் அதில் பாதியையாவது குறைக்க முடியும் என்பது என் எண்ணம். துன் மகாதீர் 2025 ஜூலை 10ஆம் தேதி நூறு வயதை எட்டினார். அவருடைய அரசியலை இங்கே இழுக்க வேண்டாம். 92 வயதில் இரண்டாம் முறை பிரதமரான ஒருவரைப் பார்த்த நாட்டில், எழுபது வயதுக்காரர் ஒருவர் "என் கதை முடிந்துவிட்டது" என்று சொல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது?

உங்களுக்கு எத்தனை வயது வரை வாழ ஆசை? ஏன்? வெளிப்படையாக எழுதுங்கள்.

பட்டர்வொர்த் ரயில்காரர்

டீச்சர், எனக்கு 74 நடக்கிறது. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். எண்பது போதும்.

ரயில்வேயில் என்னோடு வேலை செய்தவர்களில் பலர் 55இல் ஓய்வு பெற்றார்கள். ஓய்வுக்காகச் சம்பளத்தில் பிடித்துவைத்த சேமநிதியை எடுத்தார்கள், மகளுக்குத் திருமணம் செய்தார்கள், வீட்டுக் கூரையை மாற்றினார்கள், அறுபத்திரண்டு, அறுபத்து மூன்றில் காலமாகிவிட்டார்கள். அப்போது அது பெரிய இழப்பாக இருந்தது. ஆனால் கடைசி வரை சட்டைப்பையில் சொந்தக் காசும் வீட்டில் மரியாதையும் இருந்தன. இன்று என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர்கள் மகனிடம் மருந்துக்குக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மகாதீருக்குக் கிடைத்த வைத்தியம் எனக்குக் கிடைக்குமா? அவருக்கு இரண்டு முறை இதய அறுவை சிகிச்சை நடந்தது. 1989இல் ஒன்று, 2007இல் ஒன்று. என் முழங்காலுக்கு நாள் கேட்டால் அடுத்த ஆண்டு என்கிறார்கள்.

சாவைக் கண்டு எனக்குப் பயமில்லை. படுக்கையில் கிடப்பதை நினைத்தால்தான் பயம்.

கெப்போங் இளையவன்

ஐயா, டீச்சர், இருவருக்கும் வணக்கம். எனக்கு 27. எனக்கு 120 வேண்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஜான் கல்மான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 122 ஆண்டு 164 நாள் வாழ்ந்து 1997இல் இறந்தார். இதுவரை சான்றுகளோடு பதிவான மிக நீண்ட ஆயுள் அதுதான். ஜப்பானில் 1963இல் நூறு வயதைத் தாண்டியவர்கள் 153 பேர். 2025இல் கிட்டத்தட்ட ஒரு லட்சம், அவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பெண்கள். ஆயுள் உச்சத்தில் இருக்கும் நாட்டை எடுத்துக்கொண்டால், 160 ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் சராசரி மூன்று மாதம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது என்று 2002இல் ஓப்பன், வவ்பெல் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த ராபமைசின் என்ற மருந்தை, மனிதருக்கு அறுபது வயது என்று சொல்லத்தக்க பருவத்து எலிகளுக்குக் கொடுத்தபோதும் அவை கூடுதல் காலம் வாழ்ந்தன. அது 2009இல் வந்த ஆய்வு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 120 வயது வரை வாழவைக்கும் சிகிச்சை வந்தால் ஏற்பீர்களா என்று மக்களைக் கேட்டது. 56 விழுக்காட்டினர் தங்களுக்கு வேண்டாம் என்றார்கள். மற்றவர்கள் ஏற்பார்களா என்ற கேள்விக்கோ மூன்றில் இரண்டு பேர் ஏற்பார்கள் என்றார்கள். இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். வேண்டாம் என்பது பலருக்கு உள்ளத்திலிருந்து வரும் பதில்தானா, இல்லை ஆசையை வெளியே காட்டக் கூடாது என்ற அடக்கமா? நம் ஊரில் அந்த அடக்கம் இன்னும் கூடுதல் என்று நினைக்கிறேன்.

பட்டர்வொர்த் ரயில்காரர்

தம்பி, 27 வயதில் 120 கேட்பது நியாயம்தான். நான் அடக்கத்தில் பேசவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

பால்மரத்துப் பேரன் (கோலாலம்பூர்)

டீச்சர் 1957 கணக்கிலிருந்து தொடங்கினார். அதற்கும் முன்னால் போய்ப் பார்க்காமல் நம் மக்களுக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள முடியாது.

சராசரி ஆயுள் 56 என்றால் எல்லாரும் 56இல் இறந்தார்கள் என்று அர்த்தமில்லை. 1957இல் மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அது 7 அளவுக்கு இறங்கிவிட்டது. கைக்குழந்தைகளின் சாவுதான் சராசரியைக் கீழே இழுத்தது. அந்தக் காலத்திலும் எண்பது வயதுப் பாட்டிகள் ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். எங்கள் கொள்ளுப்பாட்டி ஒன்பது பெற்று நான்கைப் பறிகொடுத்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவரைப் போன்றவர்கள் நீண்ட ஆயுளைப் பற்றிப் பேசும்போது நம்மைப் போல "எனக்கு எவ்வளவு" என்று கேட்டிருக்க மாட்டார்கள். பிள்ளைகள் தங்க வேண்டும் என்றுதான் மாரியம்மனிடம் கேட்டார்கள்.

பால்மரம் (ரப்பர்) நட காட்டை வெட்டித் திறந்த இடங்களில் மலேரியா பால்வெட்டுத் தொழிலாளர்களை அள்ளிக்கொண்டு போனது. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்துக் கொசுவைக் கட்டுப்படுத்திய பிறகுதான் அந்த ஊரில் சாவு குறைந்தது. மருந்து கொடுத்ததைவிடத் தண்ணீரை வடித்ததுதான் முதலில் உயிர்களைக் காத்தது என்பதைக் கவனியுங்கள். பிறகு ஜப்பானியர் காலம் வந்தது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. 1942, 43இல் வாலிபத்தில் இருந்தவர்கள் அவர்கள். நம் குடும்பங்கள் பலவற்றில் தாத்தா என்ற ஒருவரே இல்லாமல் போனதற்கு அது ஒரு காரணம். முதுமை எப்படி இருக்கும் என்று பக்கத்தில் இருந்து பார்த்துப் பழக ஒரு தலைமுறைக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

தோட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. வேலை உள்ளவரைதான் வீடு. வயதாகி வேலையிலிருந்து நின்றால் பிள்ளைகளில் ஒருவராவது வெட்டுமரத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் அந்த வீட்டில் தொடர்ந்து இருக்கலாம். பாரமாகிவிடுவோமோ என்ற அச்சம் அங்கேயே பிறந்துவிட்டது என்று நினைக்கிறேன். பிறகு தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வயதானவர்கள் பிள்ளைகளோடு நகரத்து மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தார்கள். மின்தூக்கி கெட்டுப்போனால் நான்காம் மாடியிலிருந்து ஒரு கிழவி எப்படி இறங்கிக் கோயிலுக்குப் போவார்?

இன்னும் ஒரு செய்தி. நாட்டின் சராசரி 75 என்று நாம் மகிழலாம். ஆனால் மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களின் ஆயுள்தான் குறைவு. சீனர்கள் முன்னே, மலாய்க்காரர்கள் இடையில், நாம் கடைசி. அதிலும் நம் ஆண்கள் நம் பெண்களைவிட இன்னும் பின்னால். நூறு வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால் மற்றவர்களுக்குக் கிடைத்த எழுபத்தைந்து நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நாம் கேட்க வேண்டும். எனக்கு இதில்தான் கோபம்.

ஜோர்ஜ்டவுன் தாதி (ஓய்வு)

பேரன் எழுதியது உண்மை. அரசாங்க மருத்துவமனையில் வார்டு வார்டாக வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நம்மவர்களைக் கொண்டுபோவது இனிப்பு நீரும் (நீரிழிவு) இரத்தக் கொதிப்பும்தான். 2019இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நெருக்கமாக இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம். நாற்பத்தைந்து வயதில் தொடங்கி, மாத்திரையைப் பாதியில் நிறுத்தி, ஐம்பத்தைந்தில் கால் விரலை இழந்து, அறுபதில் டயாலிசிஸ் படுக்கைக்கு வந்துவிடுகிறார்கள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இப்படிப்பட்ட வாழ்க்கையை அண்டை வீட்டில் பார்த்தவர் நீண்ட ஆயுள் வேண்டாம் என்றால் நான் எப்படிக் குறை சொல்ல முடியும்?

டீச்சரின் கேள்விக்கு என் பதில் இதுதான். ஆயுளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று மூச்சு இருக்கும் காலம். மற்றொன்று நலத்தோடு இருக்கும் காலம். உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. மலேசியர்களுக்கு இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 9 ஆண்டு இடைவெளி இருக்கிறது. ரயில்காரர் அண்ணன் பயப்படுவது இந்த ஒன்பது ஆண்டுகளைத்தான். இந்த இடைவெளியைச் சுருக்க முடியும் என்று 1980இலேயே ஜேம்ஸ் ஃபிரைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். நோய் தொடங்கும் வயதைத் தள்ளிப்போட்டால் படுக்கையில் கிடக்கும் காலம் வாழ்வின் கடைசியில் சிறிதாக ஒடுங்கிவிடும் என்றார். எல்லா நாட்டிலும் அது நடந்துவிடவில்லை. ஆனால் ஒரு தனி மனிதரின் வாழ்க்கையில் நடப்பதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கெப்போங் தம்பி, ராபமைசின் ஒருபுறம் இருக்கட்டும். நம் பெரியவர்கள் பாதிப் பேர் கையில் வைத்திருக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையே முதுமையைத் தள்ளிப்போடுமா என்று ஆராய வேண்டும் என அமெரிக்க ஆய்வாளர்கள் சில ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். அது நிரூபணமாகட்டும், ஆகாமலும் போகட்டும். கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) பதிவுக் கட்டணத்தில் கிடைக்கும் அந்த மாத்திரையைத் தவறாமல் போட்டாலே நம் ஆட்களுக்குப் பல ஆண்டுகள் மிச்சமாகும்.

அண்ணே, முழங்கால் அறுவைக்கு நாள் வரும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். தொடைத் தசைக்கு வலுவேற்றும் பயிற்சியை உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவில் கற்றுத் தருவார்கள். மருத்துவரிடம் அதற்குக் கடிதம் கேளுங்கள்.

பங்சார் கணக்கர்

பணத்தைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். நானே எழுதுகிறேன்.

ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கியது. 55 வயதில் முழுப் பணத்தையும் எடுக்கலாம் என்ற ஏற்பாடு அந்தக் காலத்து ஆயுளுக்குப் பொருந்தியது. பணமும் ஆயுளும் ஏறக்குறைய ஒன்றாகத் தீர்ந்தன. ரயில்காரர் ஐயா சொன்ன நண்பர்களின் கதை அதுதான். பிறகு ஆயுள் ஏறியது. அரசாங்க ஊழியர்களின் ஓய்வு வயது 2001இல் 56, 2008இல் 58, 2012இல் 60 என்று ஏறியது. தனியார் துறைக்கு 2013 ஜூலை முதல் தேதியிலிருந்து 60. ஆனால் சேமநிதியை எடுக்கும் வயது 55இலேயே நிற்கிறது.

55 வயதில் கையில் இருக்க வேண்டிய அடிப்படைச் சேமிப்பு 240,000 வெள்ளி என்று சேமநிதி வாரியம் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. மாதம் ஆயிரம் வெள்ளி என்று இருபது ஆண்டுக்குப் பிரித்தால் வருவதுதான் அந்தத் தொகை. அதாவது 75 வயதில் பணம் தீர்ந்துவிடும். அறுபதைத் தொட்ட ஒரு பெண்மணிக்கு இன்னும் இருபது ஆண்டு இருப்பது இன்று சாதாரணம். 75க்கும் 80க்கும் இடையில் அவர் எதைச் சாப்பிடுவார்? 2026 முதல் இந்த அடிப்படை அளவைப் படிப்படியாக 390,000 வெள்ளிக்கு உயர்த்துகிறார்கள். அளவை உயர்த்தியது சரிதான். ஆனால் கோவிட் காலத்தில் 2020 முதல் 2022 வரை நான்கு சிறப்புத் திட்டங்களில் 145 பில்லியன் வெள்ளி வெளியே போனது. குறைந்த சம்பளக்காரர்களின் கணக்குதான் அதிகம் வற்றியது. வேலை போன நேரத்தில் எடுத்தார்கள், எடுக்காமல் எப்படி வாழ்வது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதன் வலி 2040 வாக்கில் தெரியும்.

டீச்சருக்கும் ரயில்காரர் ஐயாவுக்கும் ஓய்வூதியம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஓய்வூதியம் சாகும் வரை வரும், நூறு வயதானாலும் வரும். சேமநிதி அப்படியில்லை. நீண்ட ஆயுளை விரும்புவதும் அஞ்சுவதும் ஓரளவுக்கு இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் சேமநிதியின் ஒரு பகுதியை வாழ்நாள் முழுவதும் மாதாமாதம் தரும் ஏற்பாடு 2009இலிருந்து இருக்கிறது. நமக்கும் அது வர வேண்டும் என்று நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு வயதை 65 ஆக்கலாம் என்ற பேச்சும் 2025இல் எழுந்தது. நான் ஆதரிக்கிறேன். சேமிப்பு ஐந்து ஆண்டு கூடும், செலவழிக்கும் காலம் ஐந்து ஆண்டு குறையும்.

பால்மரத்துப் பேரன் (கோலாலம்பூர்)

குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 65 சரி. பாதுகாவலராகப் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவருக்கு? லாரி ஓட்டுபவருக்கு? குறைந்த ஆயுள் உள்ளவர்களின் ஓய்வுக் காலத்தைத்தான் இந்தச் சட்டம் முதலில் தின்னும். 67இல் இறக்கப்போகிறவருக்கு இரண்டு ஆண்டு ஓய்வுதான் மிஞ்சும். உடலுழைப்பு வேலைகளுக்கு வேறு விதி வேண்டும்.

பங்சார் கணக்கர்

அதை ஏற்கிறேன். வேலை செய்ய விரும்புகிறவர்களை 60 என்று சொல்லி வெளியே அனுப்பக் கூடாது என்பதுதான் என் முதல் நோக்கம். விருப்பமாக இருக்கலாம். ஆனால் சேமநிதி எடுக்கும் வயது பற்றி நான் மாறப்போவதில்லை.

செந்தூல் அக்கா

நான்கு நாள்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் ஆயுளைப் பற்றி எழுதினீர்கள். பக்கத்தில் இருந்து பார்ப்பவளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

எனக்கு 52 வயது. திருமணம் ஆகவில்லை. அதனால் அம்மா என்னுடையவர் என்று உடன்பிறந்தவர்களே முடிவு செய்துவிட்டார்கள். ஓர் அண்ணன் ஆஸ்திரேலியாவில், ஒரு தம்பி ஜொகூரில். அம்மாவுக்கு 84. ஒருபக்கம் கையும் காலும் வராது. நினைவு சில நாள் தெளிவாக இருக்கும், சில நாள் என்னை அவருடைய தங்கை என்று நினைத்துப் பேசுவார். மூன்று ஆண்டுக்கு முன்னால் வேலையை விட்டேன். பகலில் ஆள் வைத்தால் என் சம்பளம் அதற்கே போய்விடும். முதியோர் இல்லங்களை விசாரித்தேன். மூவாயிரம் வெள்ளிக்குக் கீழே மனம் ஒப்பிய இடம் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குள்ளேயே "அம்மாவை இல்லத்தில் தள்ளப் பார்க்கிறாள்" என்று பேச்சு வந்துவிட்டது. பேசியவர்கள் ஒருவரும் ஓர் இரவு வந்து படுத்ததில்லை.

என் சேமநிதியில் மூன்று ஆண்டாக ஒரு காசு ஏறவில்லை. கணக்கர் சொல்லும் 390,000 எனக்கு வராது. அம்மாவுக்கு நான் இருக்கிறேன். எனக்கு 84 ஆகும்போது யார் இருப்பார்? 1970இல் இந்த நாட்டில் ஒரு பெண் சராசரியாக ஐந்து பிள்ளை பெற்றாள். இப்போது இரண்டுகூட இல்லை. என்னைப் போல ஒன்றும் இல்லாதவர்களும் பெருகிவிட்டோம். நீண்ட ஆயுளை நான் வெறுக்கவில்லை. என் அம்மா இன்னும் பல ஆண்டு இருக்க வேண்டும் என்று கந்தசாமி கோயிலில் வேண்டிக்கொள்கிறேன், அதே இரவில் எனக்கு எப்போது விடிவு என்று அழுகிறேன். இரண்டும் உண்மை. எதற்காகவும் நான் வெட்கப்படவில்லை.

தண்ணீர்மலை டீச்சர் (பினாங்கு)

அக்கா என்று போட்டிருக்கிறீர்கள், எனக்குத் தங்கை வயதுதான். படித்து முடித்து நெடுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

பாரமாகிவிடுவோம் என்று பெரியவர்கள் சொல்லும்போது, அந்தப் பாரம் யார் தோளில் ஏறப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. அது பெரும்பாலும் ஒரு மகள், இல்லையென்றால் ஒரு மருமகள். அதனால்தான் ஆண்களைவிடப் பாட்டிகள் அந்த வார்த்தையை அடிக்கடி சொல்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளைகள் எல்லாருமாகப் பங்குபோட்டுக்கொண்டால் அந்த அச்சம் பாதியாகும். அண்ணனும் தம்பியும் பணமாவது அனுப்புகிறார்களா?

செந்தூல் அக்கா

தீபாவளிக்கு அனுப்புவார்கள் டீச்சர். நானும் கேட்டதில்லை. கேட்டால் சண்டையாகிவிடும் என்று பயம்.

பங்சார் கணக்கர்

அக்கா, கேளுங்கள். மாதம் எவ்வளவு செலவாகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அணையாடை, மருந்து, பால் மாவு, மருத்துவமனைக்குப் போய்வரும் வாடகைக் கார் எல்லாவற்றையும் சேருங்கள். அதன் கீழே நீங்கள் இழந்த சம்பளத்தையும் எழுதுங்கள். அதைப் படம் பிடித்து இருவருக்கும் அனுப்புங்கள். வேறு வார்த்தை வேண்டாம். அம்மாவுக்குச் சமூக நலத்துறையின் முதியோர் உதவித்தொகை கிடைக்குமா என்றும் விண்ணப்பித்துப் பாருங்கள். தகுதி இருந்தால் மாதம் 600 வெள்ளி. வேலையில் இல்லாத நீங்களும் சேமநிதியில் தன்விருப்பமாகப் பணம் போடலாம். ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்தால் நீங்கள் போடுவதற்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துத் தரும், ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. தம்பி அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி உங்கள் கணக்குக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அது தானம் இல்லை, உங்கள் உழைப்புக்கான கூலி.

கெப்போங் இளையவன்

அக்கா எழுதியதைப் படித்த பிறகு 120 என்று எழுதியதை நினைத்துப் பார்த்தேன். இப்போதும் எனக்கு 120 ஆசைதான், அதை விட மாட்டேன். ஆனால் அதுவரை ஒருவர் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் அந்த ஆயுள் எனக்குச் சொந்தமானது இல்லை. 2024இல் வந்த ஓல்ஷான்ஸ்கியின் ஆய்வையும் படித்தேன். நீண்ட ஆயுள் உள்ள நாடுகளில் 1990க்குப் பிறகு ஏற்றத்தின் வேகம் குறைந்துவிட்டது என்கிறார். முதுமையையே மெதுவாக்கும் வழி கிடைக்காதவரை பெரும்பாலோர் நூறைத் தொட மாட்டார்கள் என்பது அவர் முடிவு. இந்த வழியைத் தேடுவது பணக்காரர்களின் ஆசை என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதுமை மெதுவானால் பக்கவாதமும் மறதி நோயும் தள்ளிப்போகும். அக்காவைப் போன்றவர்களுக்குத்தான் அது முதலில் உதவும்.

ஜோர்ஜ்டவுன் தாதி (ஓய்வு)

நன்றாகச் சொன்னீர்கள் தம்பி. ஆனால் அது வரும் வரை காத்திருக்க முடியாதவர்களுக்குக் கையில் இருப்பதைச் சொல்கிறேன். முகம் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணெய் தேய்த்துவிட்டுப் படுக்கவைக்காதீர்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். செந்தூல் தங்கையின் அம்மாவைப் போல ஒருபக்கம் விழுந்தவர்களில் பலர் அந்த நேரத்தைத் தவறவிட்டு வந்தவர்கள்.

கடைசிக் காலத்தைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதே இல்லை. பேசினால் அபசகுனம் என்கிறார்கள். பேசாததால் ஐ.சி.யு. வாசலில் நின்று குழாய் போடுவதா வேண்டாமா என்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். பெரியவருக்கு எது வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. கோலாலம்பூரில் 1991இலிருந்து ஹோஸ்பிஸ் மலேசியா என்ற அமைப்பு, தீராத நோயில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்த்து வலியைத் தணிக்கிறது. அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. பினாங்கிலும் அப்படி வீடு தேடி வரும் சேவை இருக்கிறது. ரயில்காரர் அண்ணன் படுக்கையில் கிடக்கப் பயம் என்றார். என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று மகனை உட்காரவைத்துப் பேசி எழுதிவைத்தால் அந்தப் பயத்தில் பெரும் பகுதி போகும்.

பட்டர்வொர்த் ரயில்காரர்

மகனிடம் பேசினேன் தாதியம்மா. முதலில் எழுந்து போய்விட்டான். இரவு தானே வந்து உட்கார்ந்தான். குழாய் வேண்டாம், வலி மருந்து வேண்டும், வீட்டிலேயே வைத்திருங்கள் என்றேன். எழுதிக்கொண்டான். பிறகு அவனே மருந்துக் காசைப் பற்றி எடுத்தான். நான் கேட்பதற்கு முன்னால் மாதத் தொடக்கத்திலேயே என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவதாகச் சொன்னான்.

டீச்சர், எண்பது என்று எழுதியதை இன்னும் மாற்றவில்லை. எண்பது ஆனதும் மறுபடி கேளுங்கள்.

பால்மரத்துப் பேரன் (கோலாலம்பூர்)

ஐயா, உங்கள் முழங்காலுக்கு நாள் வந்ததும் சொல்லுங்கள். பினாங்கில் எனக்கு உறவினர்கள் இருக்கிறார்கள், மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஆள் அனுப்புகிறேன்.

நான் வேறு ஒன்று யோசிக்கிறேன். பத்துமலைக்குத் தைப்பூசத்தில் இலட்சக்கணக்கில் கூடுகிறோம். எத்தனையோ தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் பார்க்கும் பந்தல்களை இன்னும் அதிகமாக்க முடியாதா? இனிப்புப் பானத்துக்குப் பதில் வெறும் மோர் கொடுக்க முடியாதா? நம் ஆண்கள் கிளினிக்குக்குப் போக மாட்டார்கள், கோயிலுக்கு வருவார்கள். அங்கே வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

செந்தூல் அக்கா

கணக்கர் சொன்னபடி தாளில் எழுதி அனுப்பினேன். அண்ணனிடமிருந்து இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் மாதம் 800 வெள்ளி அனுப்புவதாக எழுதினார். கூடவே எனக்கு ஒரு பாடமும் எடுத்திருந்தார், அதை விட்டுவிடுகிறேன். தம்பி நேராகவே கூப்பிட்டான். பணம் அதிகம் தர முடியாது அக்கா, வரும் பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் நான் வந்து அம்மாவைப் பார்க்கிறேன், நீ எங்காவது போய்வா என்றான். அவன் அம்மாவைத் தூக்கியதே இல்லை. என்னென்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் சிஸ்டர்?

ஜோர்ஜ்டவுன் தாதி (ஓய்வு)

இரண்டு நாள் முன்னதாகவே வரச் சொல்லுங்கள். உங்களோடு சேர்ந்து செய்து பார்க்கட்டும். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலி அம்மாவின் நல்ல பக்கம் இருக்க வேண்டும். வராத கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் இறங்கிவிடும். குனிந்து இடுப்பால் தூக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்து, முதுகின் அடியும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்ந்து உட்காரவைத்து, முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்கவைக்காமல் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது இருமினால் கட்டாயப்படுத்திக் குடிக்க வைக்காமல் கிளினிக்கைக் கேட்கட்டும். மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்த பெட்டியில் இரண்டு வாரத்துக்கும் நீங்களே அடுக்கிவையுங்கள். அம்மா அவனை வேறு யாரோ என்று நினைத்துக் கூப்பிட்டால் திருத்த வேண்டாம், அந்தப் பெயருக்கே பதில் சொல்லச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு வாரத்தில் பினாங்குக்கு வருவதாக இருந்தால் என் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. தனிச் செய்தியில் எழுதுங்கள்.